திருவாதிரையால் முடியாததை மிருகசீரிடம் செய்கிறது

டிசம்பர் பிறந்துவிட்டால் ஓரியன் நெபுலாவின் படங்கள் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். சிவப்பும் ஊதாவுமாக அழகான படங்கள்தான். ஆனால் அவற்றோடு வரும் ஒரு வரி என்னைத் தொந்தரவு செய்துகொண்டே இருக்கிறது: "அருகிலுள்ள நட்சத்திரங்களின் ஒளி பட்டு இந்த வாயு மேகம் மின்னுகிறது." இதைப் படிக்கிற யாரும், நட்சத்திரத்தின் வெளிச்சம் மேகத்தில் பட்டுத் திரும்பி நம் பக்கம் வருகிறது என்றுதான் புரிந்துகொள்வார்கள். ஓரியன் நெபுலாவில் நடப்பது பெரும்பாலும் அது இல்லை. அங்கே நாம் பார்க்கும் சிவப்பு எந்த நட்சத்திரத்திலிருந்தும் கிளம்பி வந்ததில்லை, அந்த வாயுவே உண்டாக்கிய ஒளி அது. நட்சத்திரம் அனுப்புவது நம் கண்ணுக்கே தெரியாத வேறொன்றை.

இதை விளக்க வானத்தில் தொலைவாக எங்கும் போக வேண்டியதில்லை, பஞ்சாங்கத்தில் அடுத்தடுத்து வரும் நட்சத்திரங்களே போதும். கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிடம், திருவாதிரை. ரோகிணியை இப்போதைக்கு விட்டுவிடலாம். மற்ற மூன்றும் ஜனவரி இரவுகளில் பெங்களூருக்கு மேலே ஏறக்குறைய உச்சி வானத்தைக் கடந்து போகின்றன. மூன்றும் மூன்று விதம்.

முதலில் திருவாதிரை. ஓரியன் என்னும் வேடனின் தோளில் செம்மஞ்சளாக ஒளிரும் பெரிய நட்சத்திரம். சூரியனைப்போலப் பதினைந்து, இருபது மடங்கு நிறை இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள், அது கொட்டும் மொத்த ஒளியோ சூரியனைவிடப் பல பத்தாயிரம் மடங்கு. இவ்வளவு ஒளி இருந்தும் தன்னைச் சுற்றி ஒரு ஹைட்ரஜன் நெபுலாவை ஒளிரச் செய்ய அதனால் முடியாது. காரணம், வீங்கிப் பருத்துப்போனதால் அதன் மேற்பரப்பு ஆறிவிட்டது. சுமார் 3,500 கெல்வின்தான். சூரியனின் மேற்பரப்பே 5,800-ஐ ஒட்டி இருக்கும்.

மேற்பரப்பின் சூடு ஏன் இத்தனை முக்கியம்? ஹைட்ரஜன் அணுவிடம்தான் காரணம் இருக்கிறது. ஒரு புரோட்டான், ஒரு எலக்ட்ரான், அவ்வளவுதான் அந்த அணு. அந்த எலக்ட்ரானைப் பிய்த்து எடுக்க 13.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும், அதுவும் ஒரே ஃபோட்டானில், அதாவது ஒரே ஒளித்துகளில் வேண்டும். பத்து ஃபோட்டான்கள் வந்து ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்துச் சேர்த்து எடுப்பதெல்லாம் நெபுலாவில் நடக்காது. உயரத்தில் தொங்கும் மாங்காயை விழவைக்கக் கல்லெறிவது மாதிரிதான் இது: பாதி உயரம்கூடப் போகாத கல்லை ஊரே கூடி நாள் முழுக்க எறிந்தாலும் காய் விழாது, கைவலு உள்ள ஒருவன் எறியும் ஒரே கல்லுக்கு விழுந்துவிடும். அந்த 13.6 எலக்ட்ரான் வோல்ட்டை அலைநீளமாகச் சொன்னால் 91.2 நானோமீட்டர், அதாவது புற ஊதாவிலும் மிக ஆழமான பகுதி. அலைநீளம் இதைவிடக் குறைவான ஒளிதான் ஹைட்ரஜனை உடைக்கும்.

நட்சத்திரத்தின் சூடு ஏற ஏற, அதன் ஒளி அதிகமாக வெளிப்படும் அலைநீளம் குறைந்துகொண்டே போகும். திருவாதிரைக்கு அந்த உச்சம் அகச்சிவப்புப் பக்கம், 800 நானோமீட்டருக்கும் மேலே இருக்கிறது. 91-க்குக் கீழே அதனிடம் சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஓரியனிலேயே இன்னோர் உதாரணமும் இருக்கிறது. வேடனின் காலில் நீலவெள்ளையாக ஒளிரும் ரைகல், திருவாதிரையைவிட எவ்வளவோ சூடானது, சுமார் 12,000 கெல்வின், ஒளியும் ஏராளம். ஆனால் அந்த அளவு சூடும் போதாது. பக்கத்தில் இருக்கும் சூனியக்காரித் தலை நெபுலாவின் தூசியில் ரைகலின் வெளிச்சம் பட்டுச் சிதறுகிறது, அதோடு சரி.

கார்த்திகைக்கும் இதே நிலைமைதான். அந்தக் கூட்டத்தின் நட்சத்திரங்களைச் சுற்றி மெல்லிய நீலப் புகைபோல ஒன்று படங்களில் தெரியும். அது உண்மையிலேயே நட்சத்திர ஒளி பட்டுத் திரும்பி வருவது, ஆக வாட்ஸ்அப் வரி இங்கே சரி. 1912-ல் அமெரிக்காவின் லோவல் வானாய்வகத்தில் வெஸ்டோ ஸ்லைஃபர் அந்தப் புகையின் நிறமாலையை (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பட்டையை) எடுத்துப் பார்த்தபோது, உள்ளே இருக்கும் நட்சத்திரத்தின் நிறமாலை அப்படியே அதில் இருந்தது. அங்கே தூசி கண்ணாடி வேலை மட்டும்தான் பார்க்கிறது. நீல ஒளி தூசியில் அதிகம் சிதறுவதால் நீலமாகத் தெரிகிறது.

தானே ஒளிரும் நெபுலா, நட்சத்திர ஒளியைத் திருப்பி அனுப்பும் நெபுலா என்று இரண்டையும் பிரித்துக் காட்டியவர் எட்வின் ஹபிள். விரியும் பிரபஞ்சத்துக்காகத்தான் எல்லோரும் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள், எனக்கோ 1922-ல் அவர் நெபுலாக்களைப் பற்றி எழுதிய கட்டுரைமேல் தனிப் பிரியம் உண்டு. எந்தெந்த நெபுலாவுக்குப் பக்கத்தில் எந்த வகை நட்சத்திரம் இருக்கிறது என்று பொறுமையாகச் சேர்த்துப் பார்த்திருக்கிறார். நட்சத்திரம் ஓர் எல்லைக்கு மேல் சூடாக இருந்தால் நெபுலா தன் சொந்த நிறக்கோடுகளை வெளியிடுகிறது, அதற்குக் கீழே இருந்தால் நட்சத்திர ஒளியைப் பிரதிபலிக்கிறது. இவ்வளவு எளிமையான ஒரு கோட்டை அவரால் போட முடிந்தது, அது இன்றைக்கும் நிற்கிறது.

இப்போது மிருகசீரிடம். வேடனின் தலைப்பகுதியில் மங்கலாகத் தெரியும் சின்ன முக்கோணம். அதன் முதன்மை நட்சத்திரத்துக்கு மைஸா என்று பெயர். வெறும் கண்ணுக்குத் திருவாதிரைக்குப் பக்கத்தில் நிற்கவே தகுதி இல்லாததுபோல் இருக்கும். ஆனால் அது ஓ வகை நட்சத்திரம், அதாவது மிகச் சூடான வகை, மேற்பரப்புச் சூடு 35,000 கெல்வினுக்கும் மேல். அது தன்னைச் சுற்றி ஒளிரச் செய்திருக்கும் ஹைட்ரஜன் வட்டத்தை நம் கண்ணால் பார்க்க முடிந்தால், வானத்தில் பத்து முழுநிலவுகளுக்கும் மேல் வரிசையாக அடுக்கிய அகலம் இருக்கும். நிஜத்தில் நூறு ஒளியாண்டுகளுக்கு மேல் அகலம். அந்த மங்கல் நட்சத்திரம் இத்தனை பெரிய இடத்தை ஒளிர வைத்திருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும், இதை எழுதும்போதும்தான்.

எங்கள் கே.ஆர். புரம் மொட்டைமாடியில் இந்த வட்டத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்த ஒரு நாள், துணி எடுக்க மேலே வந்த கீழ்வீட்டு அக்கா (ஆம்பூர் பக்கம் அவருக்கு) லேப்டாப் திரையைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி இது, இவ்ளோ சிவப்பா?" என்றார். மிருகசீரிடம் என்றேன். "என் பொண்ணு நட்சத்திரமாச்சே!" என்று உடனே கீழே போய் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெண் கேட்ட கேள்வி அருமையான கேள்வி: "ஏன் அங்கிள், புற ஊதா கண்ணுக்குத் தெரியாதுன்னா, அது பட்டா மட்டும் எப்படிச் சிவப்பா தெரியும்?"

அதுதான் விஷயமே. புற ஊதா ஃபோட்டான் ஹைட்ரஜனிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்துவிடுகிறது. 13.6 போக மீதி இருக்கும் ஆற்றலை எடுத்துக்கொண்டு அந்த எலக்ட்ரான் வேகமாக ஓடுகிறது. அப்படி ஓடும் எலக்ட்ரான்களால்தான் வாயு சூடேறுகிறது, சுமார் 8,000 முதல் 10,000 கெல்வின் வரை. பிறகு எப்போதாவது அது தனியாக அலையும் ஒரு புரோட்டானிடம் மாட்டிக்கொள்ளும். மாட்டியதும் நேராக அடிமட்டத்துக்குப் போய்விடாது, பல சமயம் மேலே ஏதோ ஓர் ஆற்றல் நிலையில் சேர்ந்து, அங்கிருந்து நிலை நிலையாக இறங்கும். ஒவ்வோர் இறக்கத்துக்கும் ஒரு ஃபோட்டான் வெளியே வரும். மூன்றாம் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்கு இறங்கும்போது வருவது 656.3 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட சிவப்பு. ஹைட்ரஜன் ஆல்ஃபா என்பது இதுதான். நான்கிலிருந்து இரண்டுக்கு இறங்கினால் 486.1, நீலப்பச்சை. கண்ணுக்குத் தெரியாத ஒரு பெரிய ஃபோட்டானை வாங்கி, கண்ணுக்குத் தெரியும் சின்னச் சின்ன ஃபோட்டான்களாக உடைத்துத் தருகிறது ஹைட்ரஜன். அந்தப் பெண்ணுக்கு இதைத்தான் சொன்னேன், காகிதத்தில் கோடு போட்டுக் காட்டியதும் சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

இதை வைத்து ஹெர்மன் ஸான்ஸ்ட்ரா என்ற டச்சுக்காரர் 1920-களில் செய்த வேலை இருக்கிறதே, அதை நான் எத்தனை தடவை படித்தாலும் அலுக்காது. நட்சத்திரத்தின் புற ஊதா நமக்கு வந்து சேர்வதே இல்லை, வழியிலேயே ஹைட்ரஜன் விழுங்கிவிடுகிறது, தப்பி வந்தாலும் நம் காற்றுமண்டலம் விடாது. ஆனால் விழுங்கிய ஒவ்வொன்றுக்கும் நெபுலா கணக்கு வைத்துத் திருப்பித் தருகிறது அல்லவா? அதனால் நெபுலாவிலிருந்து வரும் ஒளியை எண்ணினால், நட்சத்திரம் எத்தனை புற ஊதா ஃபோட்டான்களைக் கொட்டுகிறது என்று தெரிந்துவிடும், அதிலிருந்து அதன் சூட்டையும் கண்டுபிடித்துவிடலாம். கண்ணால் பார்க்கவே முடியாத ஒளியை அளந்துவிட்டார்!

இனி ஓரியன் நெபுலா. வேடனின் இடைவாரிலிருந்து தொங்கும் வாளின் நடுவில், சுமார் 1,300 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அதன் மையத்தில் ட்ரெபீசியம் என்ற நெருக்கமான நாலைந்து இளம் நட்சத்திரங்கள். அவற்றில் தீட்டா-1 ஓரியானிஸ் சி என்ற ஒன்றுதான் பெரும்பாலான வேலையைச் செய்கிறது. மேற்பரப்பு ஏறக்குறைய 39,000 கெல்வின். இந்த வகை நட்சத்திரங்கள் நொடிக்கு வெளியிடும் ஹைட்ரஜனை உடைக்கும் ஃபோட்டான்களின் எண்ணிக்கையை எழுத ஒன்றுக்குப் பின்னால் சுமார் 49 சுழியங்கள் போட வேண்டும். சுற்றிலும் ஆயிரக்கணக்கில் இளம் நட்சத்திரங்கள் இருந்தும் அந்த ஒன்றை எடுத்துவிட்டால் நெபுலாவின் பெரும்பகுதி அணைந்துவிடும்.

அணைய எவ்வளவு நாளாகும் என்றுகூடக் கணக்குப் போடலாம். எலக்ட்ரானும் புரோட்டானும் சேர்வதற்கு ஆகும் நேரம் வாயுவின் அடர்த்தியைப் பொறுத்தது. நெபுலாவின் நடுப்பகுதியில் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஆயிரங்களில் துகள்கள் இருக்கின்றன, நெருக்கமான இடத்தில் பத்தாயிரம்வரை. (நாம் சுவாசிக்கும் காற்றில் இதே இடத்துக்குள் கோடி கோடியாக மூலக்கூறுகள் இருக்கும், அதோடு பார்த்தால் நெபுலா வெற்றிடம்தான்.) அந்த அடர்த்திக்குக் கணக்கு போட்டால் பத்து ஆண்டுகளிலிருந்து நூறு ஆண்டுகளுக்குள் விடை வருகிறது. புற ஊதா நின்றுபோனால் ஒரு மனித ஆயுளுக்குள் மையம் மங்கிவிடும். இத்தனை லட்சம் ஆண்டுகளாக அது ஒளிர்ந்துகொண்டிருக்கிறது என்றால், ஒவ்வொரு நொடியும் உடைவதும் சேர்வதும் சமமாக நடந்துகொண்டே இருக்கிறது என்று அர்த்தம்.

இந்தச் சமநிலையை 1939-ல் பெங்ட் ஸ்ட்ரோம்க்ரென் கணக்காக எழுதினார். சூடான நட்சத்திரத்தைச் சுற்றி, அதன் ஃபோட்டான்கள் எல்லாம் செலவாகித் தீரும் தூரம்வரை ஹைட்ரஜன் உடைந்திருக்கும், அதைத் தாண்டியதும் சட்டென்று முழு அணுக்களாக இருக்கும். விளிம்பு இவ்வளவு கூர்மையாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை, ஆனால் யோசித்தால் சரிதான்: உடையாத ஹைட்ரஜன் புற ஊதாவை மிகக் குறுகிய தூரத்திலேயே குடித்துவிடும். ஓரியன் நெபுலா முழு உருண்டை இல்லை. பின்னால் ஒரு மாபெரும் இருண்ட மூலக்கூறு மேகம் இருக்கிறது, அதன் நம் பக்கத்து முகத்தைத்தான் அந்த நட்சத்திரம் குடைந்து எடுத்திருக்கிறது. குழிந்த அந்தப் பக்கத்தைத்தான் நாம் நேரே பார்க்கிறோம். இதே ஓரியனில் குதிரைத் தலை நெபுலாவுக்குப் பின்னால் இருக்கும் சிவப்புத் திரையும் இப்படித்தான், அதை ஒளிரச் செய்வது சிக்மா ஓரியானிஸ் என்ற நட்சத்திரக் கூட்டம், குதிரைத் தலை அதன்முன் நிற்கும் தூசி.

சரி, தொலைநோக்கியில் பார்த்தால் ஏன் சிவப்பாகத் தெரிவதில்லை? எல்லோரும் கேட்பது இது. கண் வைத்துப் பார்த்தவர்கள் சாம்பல் என்பார்கள், சிலர் லேசான பச்சை என்பார்கள். இருட்டில் நம் கண்ணின் உணர்திறன் 500 நானோமீட்டரை ஒட்டி உச்சத்தில் இருக்கும், 656-ல் ஏறக்குறைய ஒன்றுமில்லை. நெபுலாவிலோ 500.7 நானோமீட்டரில் வலுவான பச்சைக் கோடு ஒன்று இருக்கிறது. அந்தக் கோட்டுக்கு ஒரு நீண்ட கதை. 1864-ல் வில்லியம் ஹக்கின்ஸ் லண்டனில் பூனைக்கண் நெபுலாவைப் பார்த்தபோது, நட்சத்திரக் கூட்டத்தின் நிறமாலைக்குப் பதிலாகத் தனித்தனிப் பிரகாசக் கோடுகள் தெரிந்தன. நெபுலா வாயு என்று அன்றைக்குத் தெரிந்தது. ஆனால் அந்தப் பச்சை பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்தோடும் ஒத்துப்போகவில்லை. புதுத் தனிமம் என்று முடிவு கட்டி நெபுலியம் என்று பெயர்கூட வைத்துவிட்டார்கள். 1868 ஆகஸ்ட்டில் ஆந்திரக் கரையோரம் தெரிந்த முழு சூரிய கிரகணத்தில் பார்த்த மஞ்சள் கோடு ஹீலியத்தில் போய் முடிந்ததால், இதுவும் அப்படித்தான் என்று நம்பியதில் தப்பில்லை.

விடை 1927-ல் அமெரிக்கர் ஐரா போவன் மூலம் வந்தது. அது ஆக்சிஜன், நாம் சுவாசிக்கும் அதே ஆக்சிஜன், இரண்டு எலக்ட்ரான்களை இழந்த நிலையில். சாதாரணமாக அணு ஓர் ஆற்றல் நிலையிலிருந்து இறங்க நொடியில் பத்துக் கோடியில் ஒரு பங்கு போதும். இந்தப் பச்சையை வெளியிடும் நிலையிலிருந்து இறங்க அரை நிமிடத்துக்கு மேல் ஆகிறது. பூமியில் எந்த ஆய்வகக் குடுவையிலும் அத்தனை நேரம் இடிபடாமல் ஓர் அயனியால் இருக்க முடியாது, ஒளியை வெளியிடுவதற்குள் வேறொன்று வந்து மோதி ஆற்றலைப் பிடுங்கிக்கொள்ளும். நெபுலாவில் கூட்டம் இல்லை, அதனால் பொறுத்திருந்து ஒளிர்கிறது. ஹைட்ரஜனோடு ஒப்பிட்டால் அங்கே ஆக்சிஜன் இரண்டாயிரத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கிறது, இருந்தும் அதன் பச்சை ஹைட்ரஜனின் சிவப்புக்கு ஈடாக நிற்கிறது. வாயுவின் சூட்டை வெளியே கடத்தி 10,000 கெல்வினை ஒட்டி அதை நிறுத்தி வைப்பதிலும் இந்தப் பச்சைக்குப் பெரிய பங்கு உண்டு. அப்புறம், ஆக்சிஜனிலிருந்து அந்த இரண்டாவது எலக்ட்ரானைப் பிய்க்க 35 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். அதனால் பச்சை பலமாக இருக்கும் இடத்தில் நட்சத்திரம் இன்னும் சூடானது என்று தைரியமாகச் சொல்லலாம்.

இத்தனை சூடு எங்கிருந்து வருகிறது என்றால், நிறையிலிருந்து. எடை அழுத்த அழுத்த மையத்தில் அணுக்கரு இணைவு வெறித்தனமாக நடக்கிறது. விலை என்னவென்றால் ஆயுள். சூரியன் ஆயிரம் கோடி ஆண்டு வாழும், ஓ வகை நட்சத்திரங்கள் சில பத்து லட்சம் ஆண்டுகளில் எரிபொருளைத் தீர்த்துவிடும். பிறந்த மேகத்தைவிட்டு வெளியே வரக்கூட நேரம் இருக்காது, அதனால்தான் ஒளிரும் நெபுலாவும் சூடான நட்சத்திரமும் எப்போதும் ஒன்றாகவே அகப்படுகின்றன. திருவாதிரையும் இளமையில் இன்றைவிட மிகச் சூடாகத்தான் இருந்திருக்கும்.

பெங்களூரில் இருந்துகொண்டு இதையெல்லாம் பேசுவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. கோரமங்களாவில் இந்திய வானியற்பியல் நிறுவனம் இருக்கிறது. அவர்களுடைய காவலூர் வானாய்வகம் நம் ஜவ்வாது மலையில். ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் 2015-ல் விண்ணுக்குப் போன புற ஊதாத் தொலைநோக்கியை உருவாக்கியது அவர்களுடைய ஹோசகோட்டே வளாகத்தில், எங்கள் வீட்டிலிருந்து பழைய மெட்ராஸ் ரோட்டில் போனால் கொஞ்ச தூரம்தான். ஹைட்ரஜனை உடைக்கும் ஒளியை வழியிலேயே ஹைட்ரஜன் விழுங்கிவிடும் என்று சொன்னேன் அல்லவா, அதனால் அது ஒரு விண்மீன் மண்டலத்தைவிட்டுத் தப்பி வருவது அபூர்வம். மிகத் தொலைவிலுள்ள ஒரு மண்டலத்திலிருந்து அப்படித் தப்பி வந்த ஒளியை இந்தத் தொலைநோக்கி பிடித்ததாக 2020-ல் புணேயைச் சேர்ந்த கனக் சாகா குழுவினர் அறிவித்தார்கள். பிரபஞ்சம் விரிவதால் வழியில் அலைநீளம் நீண்டு, இந்தத் தொலைநோக்கிக்கு எட்டும் அளவுக்கு வந்திருந்தது.

மொட்டைமாடி நண்பர்களுக்கு ஒரு விஷயம். தெருவெல்லாம் வெள்ளை எல்.இ.டி. வந்த பிறகு பெங்களூர் வானம் எல்லா நிறத்திலும் வெளுத்துக் கிடக்கிறது. ஆனால் நெபுலா தன் ஒளியைச் சில மெல்லிய கோடுகளில் குவித்து வைத்திருக்கிறது. 656-ஐ ஒட்டிச் சில நானோமீட்டர் மட்டும் விடும் ஹைட்ரஜன் ஆல்ஃபா ஃபில்டரைப் போட்டால், தெருவிளக்கின் பெரும்பகுதி வெளியே நின்றுவிடும், நெபுலா உள்ளே வந்துவிடும். மைஸாவின் வட்டத்தை நான் எடுத்தது அப்படித்தான், 50 மி.மீ. லென்ஸ் போதும், வட்டம் அத்தனை பெரிது. கேமராவுக்குள் சென்சாருக்கு முன்னால் இருக்கும் ஃபில்டர் சிவப்பின் பெரும்பகுதியை வெட்டிவிடும் என்பதால், விஷயம் தெரிந்தவரிடம் கொடுத்து அதை மாற்றிக்கொள்வது நல்லது.

கார்த்திகைக்கு இந்த ஃபில்டர் உதவாது. அது நட்சத்திர ஒளியே என்பதால் எல்லா நிறத்திலும் பரவியிருக்கும், தெருவிளக்கை வெட்டினால் அதுவும் சேர்ந்து போய்விடும். கார்த்திகையின் நீலம் வேண்டும் என்றால் ஊரைவிட்டு ஜவ்வாது மலைப் பக்கம் போவதைத் தவிர எனக்குத் தெரிந்து வழி இல்லை.

ஓரியன் போய்விட்டதே என்று மார்ச் கடைசியில் தொலைநோக்கியை மூட்டை கட்டிவிடாதீர்கள். தெற்கு மறைக்காத மாடி உங்களுடையது என்றால் இரவு பத்து, பத்தரை மணிக்குப் பாருங்கள், அடிவானத்திலிருந்து 17 டிகிரி உயரத்தில் கரீனா நெபுலா இருக்கும். வானத்தில் ஓரியன் நெபுலாவைவிடப் பெரிதாக விரிந்தது, உள்ளே ஓ வகை நட்சத்திரங்கள் டஜன் கணக்கில். கன்னியாகுமரிக்காரர்களுக்கு இன்னும் ஐந்து டிகிரி உயரத்தில் கிடைக்கும். டெல்லி நண்பர்களுக்கு அடிவானத்தை ஒட்டித்தான், அதுவும் புழுதி இல்லாத நாளாக இருந்தால்.